எங்கள் மலைத் தொகுதியை எங்கே வைத்துப் பராமரிப்பது? என்எஸ்-3 பயனர்களுக்கு ஓர் ஒப்பீடு

பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர் என்எஸ்-3 வலையமைப்பு சிமுலேட்டருக்காக ஒரு தொகுதி எழுதியிருக்கிறோம். இரண்டு வானொலிக் கருவிகளுக்கு நடுவே மலை முகடு நின்றால் சிக்னல் எவ்வளவு குறையும் என்று கணக்கிடுவதுதான் அதன் வேலை. நிலத்தின் உயரத்தை, 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து எடுக்கிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அந்தத் தரவு கிடைக்கிறது. நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எழுதியவர்களில் ஒருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார், இன்னொருவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. இதை இனி யார், எங்கே வைத்து, எப்படிப் பராமரிப்பது என்று இப்போதே முடிவெடுத்தாக வேண்டும். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் இதே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால், எங்கள் முன்னால் இருக்கும் வழிகளையும் அவற்றில் எதை நான் ஏற்கிறேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழைமானிகளையும் நிலம் நகர்வதைக் காட்டும் சென்சர்களையும் லோரா போன்ற மலிவான வானொலி வழியாக இணைத்தால் என்ன என்ற எண்ணம்தான் எங்களை இதற்குள் இழுத்தது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் வைக்கும் கருவியின் சிக்னல், கீழ் டிவிஷனில் அதை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேக்கு வந்து சேருமா என்பதைத் தொலைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நடுவில் உள்ள முகட்டையும் பார்க்க வேண்டும். கருவிகளைக் காசு கொடுத்து வாங்கி மலையேற்றுவதற்கு முன் கணினியில் சோதித்துப் பார்க்கத்தான் சிமுலேட்டர். அதில் கணக்குப் பிழைத்தால் கேட்வே தவறான மலையில் போய் உட்காரும். ஆகவே நிரலைப் பற்றிய ஆவணம் சரியாக இருப்பது எங்களுக்கு அலங்கார வேலை அல்ல.

ஒரு வரி ஆவணம் என்ன செய்யும் என்பதற்கு என்எஸ்-3க்குள்ளேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அதில் லொக்-டிஸ்டன்ஸ் என்ற பரவல் இழப்பு மாதிரியைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறார்கள். தொலைவு கூடக்கூட சிக்னல் எவ்வளவு குறைகிறது என்பதை ஓர் அடுக்கெண்ணை வைத்துக் கணக்கிடும் மாதிரி அது. நாம் மாற்றாவிட்டால் அடுக்கெண் தானாக 3 என்று இருக்கும். ஒரு மீட்டரில் உள்ள இழப்பு தானாக 46.6777 டெசிபல் என்று இருக்கும். இந்த எண் எங்கிருந்து வந்தது? தடையில்லாத வெளியில் சிக்னல் எவ்வளவு குறையும் என்று சொல்லும் ஃப்ரிஸ் சமன்பாட்டின்படி, 5.15 கிகாஹேர்ட்ஸில் ஒரு மீட்டரில் வரும் இழப்பு இது. அதாவது வைஃபைக்கான எண். லோராவின் அலைவரிசைகளில் ஒன்றான 868 மெகாஹேர்ட்ஸில் அதே சமன்பாட்டைப் போட்டால் 31.2 டெசிபல்தான் வரும். வித்தியாசம் பதினைந்தரை டெசிபல். அடுக்கெண் 3 என்றால், சரியான எண்ணைப் போட்டபோது மூன்றே கால் கிலோமீட்டர் போகும் சிக்னல், தானாக இருந்த எண்ணோடு ஒரு கிலோமீட்டரில் நின்றுவிடும். நிரல் பிழை எதுவும் காட்டாது, வரைபடமும் அழகாக வரும், கேட்வேக்கள் மட்டும் தேவைக்கு மேல் மும்மடங்கு நெருக்கமாகத் தெரியும். அந்த எண் 5.15 கிகாஹேர்ட்ஸுக்கு உரியது என்று அந்தப் பண்பின் (பயனர் மாற்றக்கூடிய அமைப்பு மதிப்பின்) விளக்க வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை வாசித்தவர் தப்பினார். அந்த வரி இல்லாவிட்டால் 46.6777 எங்கிருந்து வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சொந்தக் கிளை

முதல் வழி, என்எஸ்-3 முழுவதையும் நகலெடுத்து, நம் கோப்புகளை அதன் மூலக் கோப்புறைக்குள்ளேயே போட்டு, அதை நம் சொந்தக் கிளையாக வைத்துக்கொள்வது. ஃபோர்க் என்கிறார்களே, அதுதான். இறுதியாண்டு ஆய்வு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் தொடங்குகிறார்கள், காரணமும் புரிகிறது: யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எந்தக் கோப்பில் வேண்டுமானாலும் கை வைக்கலாம், ஆறு மாதத்தில் வேலை முடிந்துவிடும்.

அதன் பிறகுதான் தொல்லை. என்எஸ்-3 ஓரிடத்தில் நிற்கும் மென்பொருள் அல்ல. 2006இல் தொடங்கி 2008இல் முதல் வெளியீடு வந்த இந்தத் திட்டத்தில் 2023இல் மட்டும் 3.38, 3.39, 3.40 என்று மூன்று வெளியீடுகள் வந்தன. அதற்கு முந்திய ஆண்டை எடுத்துப் பாருங்கள். 2022இல் வந்த 3.36இல் நிரலை ஓடும் வடிவத்துக்குத் தொகுக்கும் வாஃப் என்ற பழைய பில்ட் முறையை விட்டுவிட்டு சிமேக்குக்கு மாறினார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இருந்த பழைய பில்ட் கோப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. அதே ஆண்டின் 3.37இல் பைதன் இணைப்புகளை சிபிபிஒய் என்ற கருவிக்கு மாற்றினார்கள். போதாததற்கு, நிரல் முழுவதையும் கிளாங்-ஃபோர்மட் என்ற ஒழுங்குபடுத்தும் கருவியை வைத்து மறுபடி அடுக்கினார்கள். இரண்டு இடைவெளி உள்தள்ளல் நான்கானது, அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த இடைவெளி போனது. சொந்தக் கிளையில் ஓரிரு வரி மட்டும் மாற்றி வைத்திருந்தவருக்கும், புதிய வெளியீட்டோடு இணைக்கப் போனால் கோப்பு கோப்பாக முரண்பாடு. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் நகல் எடுத்து வைத்திருப்பவர் அத்தனையையும் தன் கையால் மறுபடி செய்ய வேண்டும். இரண்டு வெளியீடு தவறவிட்டால் அந்தக் கிளை கவ்வாத்து வெட்டாத தேயிலை மாதிரிதான். உயிரோடு நிற்கும், கொழுந்து எடுக்க முடியாது.

சொந்தக் கிளைக்கு ஒரே ஓர் இடத்தில் நியாயம் உண்டு. ஆய்வறிக்கையில் அச்சான எண்களைப் பின்னால் வருகிறவர் அப்படியே திரும்ப எடுக்க வேண்டும் என்றால், அன்றைய என்எஸ்-3யும் அன்றைய நம் நிரலும் சேர்ந்தபடி உறைய வைத்த நகல் தேவை. அதற்கு ஒரு டேக் (பெயர்க் குறி) போட்டு, இது இனி மாறாது என்று முகப்பில் எழுதிவிட்டால் போதும். அதைப் பராமரிக்கத் தேவையில்லை, பராமரிக்கவும் கூடாது.

கொன்ட்ரிப் தொகுதி

இரண்டாவது வழி, நம் நிரலை மட்டும் தனிக் களஞ்சியமாக (ரெபோவாக) வைத்துக்கொண்டு, வேண்டியவர் அதை என்எஸ்-3யில் வெளியார் தொகுதிகளுக்கென்று இருக்கும் கொன்ட்ரிப் கோப்புறைக்குள் இறக்கிக்கொள்ளும்படி செய்வது. என்எஸ்-3யே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. புதுத் தொகுதி உருவாக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் மாதிரி, ஹெல்ப்பர், சோதனை, உதாரணம், ஆவணம் என்று ஐந்து கோப்புறைகளோடு எலும்புக்கூடு தயாராகிவிடும். லோரா வலையமைப்புகளுக்கான லோராவான் தொகுதியும் இப்படித்தான் வெளியே தனியாக வளர்ந்தது; பாதுவா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினர் தொடங்கிய அதைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். என்எஸ்-3யின் ஆப் ஸ்டோரில் பதிந்துவிட்டால், எந்தத் தொகுதி எந்த வெளியீட்டோடு ஓடும் என்பதைத் தேடுகிறவர் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வேகத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பது. புதிய வெளியீடு வந்த அன்றே ஓடத் தேவையில்லை. கம்பஸ் விடுமுறையில் ஒரு வாரம் உட்கார்ந்து, வெளியீட்டோடு வரும் மாற்றப் பட்டியலை வாசித்து, நம் தொகுதியைத் தொட்டவற்றை மட்டும் திருத்தினால் சரி. எங்கள் தொகுதி என்எஸ்-3யைத் தொடும் இடமும் சின்னதுதான். பரவல் இழப்பு மாதிரியின் அடிப்படை வகுப்பிலிருந்து ஒரு வகுப்பு, அதில் பெறும் சக்தியைக் கணக்கிடும் ஒரு செயற்கூறு, சீரற்ற எண் ஓடைகளை ஒதுக்கும் இன்னொரு செயற்கூறு. மற்றதெல்லாம் எங்கள் சொந்தக் கணக்கு. தொடும் இடம் சின்னதாக இருந்தால் உடையும் இடமும் சின்னதாகவே இருக்கும்.

குறையும் உண்டு. என்எஸ்-3யின் மைய வகுப்புகளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கொன்ட்ரிப் உதவாது. அப்புறம், நாம் கைவிட்டால் அதைத் தூக்கிப் பிடிக்க வேறு யாரும் வரமாட்டார்கள். ஆப் ஸ்டோரில் பதிவு இருக்கும், ஆனால் பழைய வெளியீட்டு எண்ணோடு அப்படியே நிற்கும்.

மூலத்தோடு சேர்ப்பது

மூன்றாவது, என்எஸ்-3யின் நிரல் இருக்கும் கிட்லேப் தளத்தில் இணைப்புக் கோரிக்கை போட்டு, நம் நிரலை என்எஸ்-3யின் மூலத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்வது. சேர்ந்துவிட்டால் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. மையத்தில் ஒரு வகுப்பை மாற்றுகிறவர் அதைப் பயன்படுத்தும் மற்றத் தொகுதிகளையும் திருத்தியாக வேண்டும். நம் கோப்புகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் நம் சோதனைகளும் ஓடும்.

ஆனால் அங்கே பரிசீலிக்கிறவர்கள் தன்னார்வலர்கள், தங்கள் வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வாசிக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் செயற்கூறுக்கும் டொக்ஸிஜென் (நிரலுக்குள் எழுதும் குறிப்புகளிலிருந்து ஆவணப் பக்கம் ஆக்கும் கருவி) குறிப்பு, ஓடும் உதாரணம், சோதனை, மாதிரிக்கான ஆவண அத்தியாயம் எல்லாம் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்து, பதில் எழுதி, மறுபடி காத்திருக்க மாதக்கணக்கில் ஓர் ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், இந்தத் தொகுதிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எழுதியவர்கள் கலைந்து போகும் நேரத்தில் அந்த வாக்குறுதியைக் கொடுப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்.

ஓம்நெட்++ என்ற இன்னொரு சிமுலேட்டருக்கு மாறிவிடலாம் என்று எங்களுக்குள் ஒருவர் சொன்னார். நல்ல கருவி, அதன் படமுறை இடைமுகம் கற்பிக்க மிகவும் வசதி. ஆனால் அதன் உரிமம் கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். நாளைக்கு ஒரு தோட்டக் கம்பனி இதை வைத்துத் திட்டம் போட விரும்பினால் உரிமச் சிக்கல் வரும். என்எஸ்-3 ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. ஓம்நெட்++க்கு மாறினால் எழுதியதை முழுவதும் மறுபடி எழுதவும் வேண்டும். இதை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆவணத்தை எங்கே எழுதுவது

நிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதைவிட இதைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிகம் பேச்சு நடந்தது. கூகுள் டொக்கில் எழுதலாம், விக்கியில் எழுதலாம், நிரலுக்குள்ளேயே டொக்ஸிஜென் குறிப்பாக எழுதலாம், ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியை வைத்துக் கையேடாகவும் எழுதலாம்.

கூகுள் டொக்கும் விக்கியும் எழுத எளிது, அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் நிரல் மாறும்போது அவை கூடவே மாறுவதில்லை. நிரலை மாற்றிய கொமிட்டிலேயே (களஞ்சியத்தில் ஒரே தடவையில் பதியும் மாற்றத்திலேயே) ஆவணமும் மாறியிருக்கிறதா என்று பரிசீலிக்கிறவர் பார்க்க வேண்டுமானால் இரண்டும் ஒரே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவை இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். மீதி இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யத் தேவையில்லை, இரண்டுக்கும் வேலை வேறு.

டொக்ஸிஜென், செயற்கூறு எதை வாங்கி எதைத் திருப்பித் தருகிறது, எந்த அலகில் தருகிறது என்பதற்கு. எங்கள் நிரலில் உயரம் என்று ஓர் எண் வருகிறது. கடல்மட்டத்திலிருந்தா, நிலத்திலிருந்தா? ஹப்புத்தளையில் இந்த இரண்டுக்கும் இடையில் 1400 மீட்டருக்கு மேல் வித்தியாசம். "கடல்மட்டத்திலிருந்து அன்டெனா நுனி வரை, மீட்டரில்" என்று நிரலிலேயே எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

இங்கே என்எஸ்-3 ஓர் அருமையான வசதி தருகிறது. பண்புகளைப் பதிவுசெய்யும்போது கூடவே ஒரு விளக்க வரி கொடுக்கிறோம் அல்லவா, அது நிரலை வாசிக்கிறவருக்கும் தெரியும், டொக்ஸிஜென் பக்கத்திலும் வரும், நிரலை ஓட்டும்போது பண்புகளை அச்சிடச் சொன்னால் கட்டளைத் திரையிலும் வரும். இணையமே தேவையில்லை. மழைக்காலத்தில் டேட்டா இழுபடும் லயத்து வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வரிகளைச் சரியாக எழுதுங்கள்: அலகு, தானாக இருக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது, எந்த எல்லைக்குள் பொருந்தும்.

ஸ்ஃபிங்ஸ் கையேடு, ஏன் என்ற கேள்விக்கு. என்எஸ்-3 ஒவ்வொரு மாதிரிக்கும் ஆவணத்துக்கு ஓர் அமைப்பு வைத்திருக்கிறது: மாதிரியின் விளக்கம், வீச்சும் வரம்புகளும், பயன்படுத்தும் முறை, சரிபார்ப்பு என்று போகும். இதில் வீச்சும் வரம்புகளும் என்ற பகுதியைப் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் தொகுதிக்கு அதுதான் உயிர். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் பனிமூட்டத்தில் சிக்னல் வராது என்பார்கள். 868 மெகாஹேர்ட்ஸில் மூடுபனியாலும் மழையாலும் வரும் இழப்பு கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சின்னது. ஆகவே அதை நாங்கள் கணக்கிடவில்லை என்று அங்கே காரணத்தோடு எழுத வேண்டும். நிழல் மரங்களின் இலை தழைகளால் வரும் இழப்பையும் கணக்கிடவில்லை, ஆனால் அது சின்னதல்ல. அதையும் எழுத வேண்டும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் ஒடுக்கமான பாறை முகடு தரவில் மழுங்கிப் போகும் என்பதையும் எழுத வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் தொகுதியைப் பயன்படுத்துகிறவர், அதை 46.6777 மாதிரியே நம்பிவிடுவார்.

சரிபார்ப்புப் பகுதியைச் சோதனைகளோடு கட்டிவிட வேண்டும். தட்டையான, தடையில்லாத நிலத்தில் எங்கள் மாதிரி ஃப்ரிஸ் சமன்பாட்டின் விடையையே தர வேண்டும். ஒரே ஒரு கூர்முகட்டின் நுனி, இரண்டு அன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றால், விளிம்பு வளைவால் (அலை முகட்டின் விளிம்பில் வளைந்து போவதால்) மட்டும் வரும் கூடுதல் இழப்பு 6 டெசிபல். இது பாடப்புத்தகக் கணக்கு, கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டையும் சோதனையாக எழுதி, கையேட்டில் அதே எண்களைக் காட்டினால், நிரலைத் தொட்டு உடைக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். இதற்கு உண்மையான எஸ்ஆர்டிஎம் கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றத் தேவையில்லை; கையால் செய்த சின்ன நிலத் துண்டு போதும்.

கையேட்டைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நிரலுக்குள் இருக்கும் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பிரேசிலிலோ நேபாளத்திலோ இருந்து ஒருவர் பிழையைத் திருத்த வந்தால் அவருக்குப் புரிய வேண்டும். ஆனால் தொகுதியை நிறுவி முதல் உதாரணத்தை ஓட்டுவது எப்படி என்பதும், வரம்புகள் பற்றிய பகுதியும் தமிழிலும் இருக்க வேண்டும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கும் மாணவர் அதை வாசித்துத் தொடங்கலாம். சென்சர் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் தோட்டத்து ஆட்களும் அதை வாசிக்கலாம். ஸ்ஃபிங்ஸில் மொழிபெயர்ப்புக் கோப்பு முறை இருக்கிறது: ஆங்கிலப் பத்தி மாறினால் தமிழ்ப் பத்தி பழசாகிவிட்டது என்று அதுவே குறித்துக்கொள்ளும், மறுபடி மொழிபெயர்க்கும் வரை ஆங்கிலத்தையே காட்டும். முழுக் கையேட்டுக்கு அந்த முறை நல்லது. எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு, தமிழுக்கென்றே எழுதிய இரண்டு சின்ன அத்தியாயம் போதும் என்பேன். அவற்றை எச்டிஎம்எல் பக்கமாகவே வெளியிடுங்கள். பிடிஎஃப் வேண்டும் என்றால் அச்சுப் பக்கம் ஆக்கும் வழக்கமான லேடெக் தமிழ் எழுத்தைக் கையாளாது, அதன் இன்னொரு வகையான ஸீலேடெக்குக்குப் போக வேண்டும், எழுத்துருவும் குறிப்பிட வேண்டும்.

இதையெல்லாம் நம் லெப்டொப்பில் பில்ட் பண்ணுவதா? என்எஸ்-3 முழுவதும் பில்ட் ஆக பழைய கணினியில் நெடுநேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் அதோடு சரி. தேவையான தொகுதிகளை மட்டும் இயக்கி கொன்ஃபிகர் செய்தால் நேரம் பெருமளவு குறையும். ஸ்ஃபிங்ஸுக்கான லேடெக், டொக்ஸிஜென் வரைபடத்துக்கான கிராஃப்விஸ் எல்லாவற்றையும் டொங்கிள் டேட்டாவில் இறக்குவது பண விரயம். பொதுக் களஞ்சியங்களுக்கு கிட்லேபும் கிட்ஹப்பும் தரும் தானியங்கி ஓட்டங்களிடம் அந்த வேலையை விட்டுவிடலாம். ஒவ்வொரு கொமிட்டுக்கும் சோதனை, டொக்ஸிஜென் எச்சரிக்கைகள், கையேடு மூன்றும் அங்கே ஓடட்டும். குறிப்பு எழுதாத செயற்கூறு இருந்தால் சிவப்பு விழட்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். இப்போதைக்கு கொன்ட்ரிப் தொகுதியாக, தனிக் களஞ்சியத்தில். களஞ்சியம் ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. குழுவின் பெயரில் கணக்கு திறந்து, குறைந்தது இரண்டு பேரிடம் நிர்வாக உரிமை இருக்க வேண்டும். அதில் ஒருவர் இங்கேயே இருப்பவர், முடிந்தால் கம்பஸில் விரிவுரையாளராக இருப்பவர். ஆண்டுக்கு ஒரு வெளியீட்டுக்கு ஏற்றபடி திருத்தினால் போதும், எல்லா வெளியீட்டையும் துரத்த வேண்டாம். எதோடு ஓடும் என்பது முகப்பின் முதல் வரியில் இருக்கட்டும். ஏற்கெனவே சமர்ப்பித்த ஆய்வறிக்கைகளுக்கு உறைய வைத்த கிளைகள் தனியாக இருக்கட்டும்.

மூலத்தோடு சேர்ப்பதை நான் முழுவதும் கைவிடவில்லை. முகட்டு வளைவுக் கணக்கு மட்டும் தனியாகப் பிரியக்கூடியது, எஸ்ஆர்டிஎம் தரவோடு அதற்குத் தொடர்பில்லை, சோதனையும் எளிது. ஓர் ஆண்டு கொன்ட்ரிப்பில் ஓடி, வெளியில் யாராவது பயன்படுத்தத் தொடங்கினால், அந்தத் துண்டை மட்டும் இணைப்புக் கோரிக்கையாக அனுப்பலாம். அதற்கு முன் எங்கள் பிள்ளைகள் என்எஸ்-3யின் ஆவணங்களில் கண்ணில் படும் சின்னச் சின்னக் குறைகளுக்குத் திருத்தம் அனுப்பிப் பழகட்டும். ஓர் அலகு விடுபட்டிருக்கும், ஓர் உதாரணக் கட்டளை இன்னும் வாஃப் காலத்திலேயே நிற்கும். அங்கே பரிசீலனை எப்படி நடக்கிறது என்பதை அதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

வெளிநாடு போகிறவர் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதாக நான் கேட்டிருப்பது ஒன்றுதான்: வரம்புகள் பகுதியை அவரே எழுதித் தர வேண்டும். மற்றதை நிரலை வாசித்து நாங்கள் எழுதிக்கொள்ளலாம். எதை வேண்டுமென்றே கணக்கில் எடுக்கவில்லை என்பது நிரலில் தெரியாது. அதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.